செவ்வாய்ப்பேட்டை ஐஸ் தொட்டியும் வெல்லண்ட் கால்வாயும்

ஸுபுஹுத் தொழுகை முடிந்து பள்ளிவாசலின் படியிறங்கும் நேரத்தில் செவ்வாய்ப்பேட்டை விழித்து வெகு நேரம் ஆகியிருக்கும். லீ பஜாரில் மூட்டைகளை இறக்கும் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். வெல்ல மண்டிப் பக்கமிருந்து வரும் பாகு மணத்தைக் காற்று தெருத்தெருவாகச் சுமந்து செல்லும். சந்துகளுக்குள்ளே வெள்ளிப் பட்டறைகளில் கொலுசுக்கு உருக்கொடுக்கும் சிறு சுத்தியல்களின் ஓசை தொடங்கிவிடும். செவ்வாய்க்கிழமைச் சந்தையால் பெயர் பெற்ற இந்தப் பேட்டையில் இன்று ஏழு நாளும் சந்தைதான்.

வெயிலுக்குப் பேர்போன இந்தச் சேலத்து மண்ணில் பிறந்தவன், ஆறு உறைந்து கல்லாகும் நாட்டைப் பற்றி எழுதப் புகுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்த நாட்டில் நான் கண்ட ஒரு பொறியியல் அதிசயத்தின் சூட்சுமத்தை, எனக்குப் பத்து வயதிருக்கும்போதே செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக்கு ஐஸ் கொடுத்துவந்த ஒரு சிறு தொழிற்சாலையில் பார்த்துவிட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

அத்தாவுடன் அங்கே போவதென்றால் எனக்குப் பெருநாள் போல. உள்ளே நுழைந்ததும் அம்மோனியாவின் காரம் மூக்கைத் துளைக்கும். தரைக்குக் கீழே பெரிய உப்புநீர்த் தொட்டி. அதன் மேல் மரப்பலகை மூடிகள். ஒவ்வொரு மூடியின் கீழும் நீர் நிரப்பிய தகர டின் ஒன்று உப்புநீரில் மூழ்கி நிற்கும். உப்புநீர் பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்தாலும் உறைவதில்லை. டின்னுக்குள் இருக்கும் நல்ல நீர்தான் இரவெல்லாம் உறைந்து பாளமாகும். ஒவ்வொரு டின்னுக்குள்ளும் ஒரு மெல்லிய குழாய் இறங்கியிருக்கும். அதன் வழியே காற்று குமிழ் குமிழாக ஏறிக்கொண்டேயிருக்கும். நீரை அப்படி அலைக்கழித்துக்கொண்டே உறையவைத்தால்தான் ஐஸ் கண்ணாடிபோலத் தெளிவாக வரும். இல்லாவிட்டால் சுண்ணாம்புக் கட்டிபோல வெளுத்துப் போகும்.

விடியலில் டின்னைச் சங்கிலிக் கப்பியால் தூக்குவார்கள். பாளம் டின்னோடு ஒட்டிக்கொண்டு, தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழாது. சம்மட்டியால் ஓங்கி அடிக்கப்போகிறார்கள் என்று நான் எதிர்பார்த்து நிற்க, அங்கிருந்த முதியவர் டின்னைப் பக்கத்திலிருந்த சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் சிறிது நேரம் முக்கியெடுத்துச் சாய்த்தார். ஐம்பது கிலோ ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு தரையில் ஓடியது. வாய் பிளந்து நின்ற என்னிடம் அவர் சொன்னார்: "ஐசை எதுக்குத் தம்பி உருக்கணும்? பிடிய விடச் சொன்னாப் போதும்."

அந்தத் தொழிற்சாலை இப்போது இல்லை. முதியவரும் மறைந்துவிட்டார், அல்லாஹ் அவர் மீது அருள் புரிவானாக.

என் சகோதரியின் மகன் கனடா நாட்டில், ஒண்டாரியோ மாகாணத்துச் செயின்ட் கேதரின்ஸ் நகரில் குடியிருக்கிறான். பல ஆண்டுகள் வற்புறுத்திய பிறகு, ஒரு டிசம்பரில் நானும் என் மனைவியும் அவன் வீட்டுக்குப் போனோம். குளிரைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன். சூரியன் அங்கே காலை ஏழே முக்கால் மணிக்கு எழுந்து, மாலை நாலே முக்காலுக்கு அடைந்துவிடுகிறது. லுஹரைத் தொழுது உணவருந்திச் சற்றுச் சாய்ந்தால் அஸர் வந்துவிடும். அஸர் முடித்துத் தேநீர் ஆறுவதற்குள் மஃரிப். அந்த ஒன்பது மணி நேரமும் சூரியன் தெற்கு வானத்தில் தாழ்வாகவே ஊர்ந்து செல்கிறது. சூரிய ஒளியை நம்பி எந்த இயந்திரத்தை ஓட்டுவதானாலும், மிக அதிகம் தேவைப்படும் மாதங்களில்தான் மிகக் குறைவாகக் கிடைக்கும் என்பதைத் தொழுகை நேர அட்டவணையே எனக்குச் சொல்லிவிட்டது.

தக்பீர் கட்டியதும் ஓதும் துஆக்களில் ஒன்று, நம் பாவங்களை நீராலும் பனிக்கட்டியாலும் ஆலங்கட்டியாலும் கழுவுமாறு இறைவனிடம் வேண்டுகிறது. அரபு நாட்டு வெயிலில் அந்தச் சொற்கள் எத்தனை குளிர்ச்சியாக இருந்திருக்கும் என்று சேலத்தில் பலமுறை நினைத்ததுண்டு. செயின்ட் கேதரின்ஸில் முதல் நாள் அதை ஓதியபோது, ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவுக்குப் பனி கிடந்தது.

அந்த நகரத்தின் ஊடாகத்தான் வெல்லண்ட் கால்வாய் செல்கிறது. ஈரி ஏரிக்கும் ஒண்டாரியோ ஏரிக்கும் நடுவே நயாகரா நீர்வீழ்ச்சி இருப்பதால் கப்பல்கள் நேர்வழியில் போக முடியாது. அதற்காக 1829இல் முதல் கால்வாய் திறக்கப்பட்டது. இப்போதுள்ளது நான்காவது; 1932இல் திறக்கப்பட்டது. 43 கிலோமீட்டர் நீளத்தில் எட்டு நீர்ப்பூட்டுகள், அதாவது 'லாக்'குகள். நம் சென்னைப் பக்கத்துப் பக்கிங்காம் கால்வாயிலும் ஒரு காலத்தில் இவை இருந்தன. இரு பக்கமும் சுவர், முன்னும் பின்னும் கதவு. கப்பல் உள்ளே வந்ததும் கதவை அடைத்து நீரை நிரப்பினால் கப்பல் உயரும், நீரை வடித்தால் தாழும். பம்பு வேண்டாம்; மேலேயுள்ள ஏரியின் நீர் தன் எடையாலேயே இறங்கி வந்து வேலையைச் செய்துவிடும். இந்த எட்டுப் படிகளிலுமாக ஒரு கப்பல் ஏறக்குறைய 100 மீட்டர் உயரம் ஏறுகிறது. யானையைப் படிக்கட்டில் ஏற்றுவது போன்ற காட்சி.

மூன்றாவது லாக்கின் அருகே மக்கள் நின்று பார்ப்பதற்கென்று மேடை அமைத்திருக்கிறார்கள். மருமகன் என்னை அங்கே அழைத்துச் சென்றபோது, பருவத்தின் கடைசிக் கப்பல்களில் ஒன்று வந்துகொண்டிருந்தது. ஜனவரியில் கால்வாயை மூடினால் மார்ச் இறுதியில்தான் மீண்டும் திறப்பார்கள். கப்பல் நெருங்க நெருங்க எனக்கு அச்சமாகிவிட்டது. அந்த வழியே செல்லக்கூடிய மிகப் பெரிய கப்பலின் அகலம் 23.8 மீட்டர், லாக்கின் அகலமோ 24.4 மீட்டர். ஒரு பக்கத்துக்கு மிஞ்சுவது ஒரே ஓர் அடி!

"மாமு, இந்த ஓரடியிலதான் எல்லாச் சண்டையும்" என்றான் மருமகன்.

உண்மைதான். லாக்கில் நீர் ஏறியிறங்கும்போதெல்லாம் நனைந்த சுவரில் ஒரு மெல்லிய படலம் உறைகிறது. அடுத்த முறை அதன் மேல் இன்னொன்று. இட்லித் தட்டில் துணி ஒட்டுவதுபோல ஒட்டிக்கொண்டு, நீர்மட்டத்தை ஒட்டி ஒரு பட்டையாகத் தடிக்கிறது. அப்பட்டை ஓரடி தடித்தால் கப்பல் நுழைய முடியாது. போதாக்குறைக்கு, கப்பல் தன் மூக்கால் மிதக்கும் பனிக்கட்டிகளையெல்லாம் லாக்குக்குள் தள்ளிக்கொண்டு வருகிறது. அவை கதவுக்குப் பின்னாலுள்ள குழிவில் அடைந்துகொண்டால் கதவு முழுவதும் திறக்காது. அரைகுறையாகத் திறந்த கதவில் கப்பல் மோதினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முற்காலத்தில் நீண்ட கழிகளை ஏந்திய ஆட்கள் வழுக்கும் விளிம்பில் நின்று பனிக்கட்டிகளைத் தள்ளிவிடுவார்கள். நீராவிக் குழாய் கொண்டு சுவரைச் சுரண்டுவார்கள். கீழே உறையும் நீர், மேலே வெட்டும் காற்று, கையில் இரும்பு முனை. எத்தனை வீடுகளில் அந்த இரவுகளில் பெண்கள் விளக்கை அணைக்காமல் காத்திருந்திருப்பார்கள்!

மேடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது, கதவருகே நீர் கொதிப்பதுபோலப் பொங்கியது. வரிசையாகக் குமிழிகள். கீழே பதித்த குழாயின் துளைகளிலிருந்து அழுத்தக் காற்று ஏறிவந்து, மிதந்த பனிக்கட்டிகளை ஒதுக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. கதவு அசைந்து தன் குழிவுக்குள் போய்ப் படிந்தது. ஆள் யாரும் விளிம்பில் இல்லை. எனக்கோ அம்மோனியாவின் காரம் மூக்கில் ஏறியது போலிருந்தது. செவ்வாய்ப்பேட்டை ஐஸ் டின்னில் ஏறிய அதே குமிழிகள்!

அன்றிரவு மருமகனோடு நெடுநேரம் வாதம் நடந்தது. நீர் நாலு டிகிரியில்தான் மிகக் கனமாக இருக்கிறது. ஆகவே உறைந்த ஏரியின் அடியில் அந்த நாலு டிகிரி நீர் தங்கியிருக்கும். குமிழிகள் அதை மேலே கொண்டுவந்து பனியை உருக்குகின்றன என்றான் அவன். ஆழமான, அசையாத ஏரிக்கு அது சரி. ஓடும் ஆற்றிலும், காற்று கலக்கிவிடும் ஆழமற்ற நீரிலும் மேலும் கீழும் ஒன்றாகக் கலந்து, அடிவரை பூச்சிய டிகிரிக்கு அருகிலேயே நிற்கும். அங்கே குமிழிகளுக்குக் கொண்டுவர வெப்பம் இல்லை. தள்ளுவது மட்டுமே அவற்றின் வேலை. சுவரில் ஒட்டியதை விடுவிக்க வேறு வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்துக்கு எங்கே போவது?

இந்தக் கேள்வியை அமெரிக்கர்கள் ஆழமாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்க ராணுவப் பொறியாளர் படைக்கு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹானோவர் நகரில், குளிர்நிலங்களுக்கென்றே 1961இல் அமைந்த ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. பனி பற்றாதபடி சுவருக்கு வழுவழுப்பான பூச்சு, சுவரில் பதிக்கும் சூடேற்றுப் பலகைகள் எனப் பலவற்றை அங்கே ஆராய்ந்தார்கள். எண்ணெய் விலை ஏறிய காலத்துக்குப் பிறகு, மிசிசிப்பி போன்ற ஆறுகளின் லாக்குகளுக்கு எண்ணெயல்லாத ஆற்றல்கள் உதவுமா என்றும் பார்த்தார்கள்: வெயில், காற்று, நிலத்தடி நீர், ஆற்றின் வீழ்ச்சி.

வெயிலைப் பற்றி அஸர் நேரமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. காற்று அப்படியல்ல. நம் முப்பந்தல் காற்றாலைகளுக்கு ஆனியும் ஆடியும் கொண்டாட்டம் என்றால், அந்தப் பேரேரிகளின் கரையில் காற்று வலுத்து வீசுவதே குளிர்காலத்தில்தான். அங்கே பண்ணைக் குளங்களில் சிறு காற்றாடிகள் நேராகவே காற்றை அமுக்கி நீருக்குள் அனுப்பி, மாடு குடிக்கும் இடத்தை உறையாமல் காக்கின்றன. ஆனால் காற்று ஓய்ந்த அசையாத இரவில்தான் உறைபனி மிகக் கொடுமையாக இருக்கும். அதற்குச் சேமிப்பு வேண்டும்.

நிலத்தடி நீர் எனக்குப் பிடித்த வழி. காரணம், அதை நாம் அனைவரும் கையால் அறிவோம். மார்கழி விடியலில் பள்ளிவாசல் ஹவ்லில் கை வைத்தால் விரல் விறைக்கும். அதே நேரத்தில் கிணற்றிலிருந்து சேந்திய நீர் வெதுவெதுப்பாக இருக்கும். கிணற்று நீரை யாரும் சூடாக்கவில்லை. மண்ணின் ஆழம் அந்தந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பத்தை ஒட்டியே கோடையிலும் குளிரிலும் நிற்கிறது. மிசிசிப்பிக் கரையிலும் அப்படித்தான்: மேலே ஆறு உறைந்திருக்க, கீழே மண்ணுக்குள் ஏறத்தாழ பத்து டிகிரி நீர் காத்திருக்கிறது. அதை இறைத்துக் கதவின் ஓரத்திலும் சுவருக்குள்ளும் குழாய்களில் ஓடவிட்டால் போதும். நம் ஐஸ் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சாதாரணத் தண்ணீர்த் தொட்டி இதுவேதான்.

நான்காவது, ஆற்றின் வீழ்ச்சி. லாக் இருக்கிறதென்றாலே அங்கே நீர் உயரத்திலிருந்து தாழ்வுக்கு இறங்குகிறது என்று பொருள். இறங்கும் நீர் எங்கும் டர்பைனைச் சுழற்றும். சுப்பீரியர் ஏரியின் வாயிலில், செயின்ட் மேரிஸ் ஆற்றின் மீதுள்ள 'சூ லாக்ஸ்' என்னுமிடத்தில் ராணுவப் பொறியாளர் படை ஏறத்தாழ 18 மெகாவாட் நீர்மின் நிலையத்தை நடத்துகிறது. முதலுரிமை லாக்குகளுக்கு, மீதி ஊருக்கு. ஆறு தன் கதவைத் தானே திறந்துகொள்கிறது! இதிலும் ஒரு சிக்கல் உண்டு. கடுங்குளிரில் ஓடும் நீருக்குள் ஊசிபோன்ற நுண்பனி உருவாகி, டர்பைனுக்கு முன்னாலுள்ள கம்பிச் சட்டத்தை ஒரே இரவில் அடைத்துவிடும். ஆனால் அந்த நீர் உறைநிலைக்குக் கீழே போயிருப்பது ஒரு டிகிரியின் நூறில் சில பங்குதான். கம்பிகளை அந்த அளவுக்கு மேல் மிக இலேசாகச் சூடாக்கினாலே ஊசிகள் ஒட்டுவதில்லை.

இவ்வளவு வழிகள் இருந்தும் ஏன் ஆண்டு முழுவதும் கப்பல் விடவில்லை? விட்டுப் பார்த்தார்கள். 1970களில் அமெரிக்க அரசு குளிர்காலக் கப்பல் போக்குவரத்தைச் சோதித்தது. 1974-75 குளிர்காலத்தில் சூ லாக்குகள் மூடப்படவேயில்லை. அப்போதுதான் சுகர் தீவு மக்களின் துன்பம் வெளிப்பட்டது. ஆற்றின் நடுவே இருக்கும் அத்தீவினர் கரைக்கு வர ஒரு படகையே நம்பியிருப்பவர்கள். பெருங்கப்பல்கள் உடைத்துவிட்ட பனிக்கட்டிகள் ஒதுங்கி வந்து அந்தப் படகின் வழியை அடைத்தன. கப்பலுக்கு வழி திறந்தால் படகுக்கு வழி மூடுகிறது! பிறகு பொறியாளர்கள் பெரிய மரக்கட்டைகளைச் சங்கிலியால் கோத்து ஆற்றின் குறுக்கே மிதக்கவிட்டுப் பனியைத் தடுத்து நிறுத்தினார்கள். அந்தக் கட்டைகளுக்கு எந்த எரிபொருளும் தேவையில்லை. சோதனை அந்தப் பத்தாண்டின் இறுதியில் நின்றது. இன்றும் சூ லாக்குகள் ஜனவரி 15 முதல் மார்ச் 25 வரை மூடித்தான் கிடக்கின்றன. எனக்கென்னவோ அந்த முடிவில் குறை தெரியவில்லை. அந்த நாட்களில்தான் லாக்குகளைப் பழுது பார்க்கிறார்கள்.

உறைந்த ஆறு எல்லோருக்கும் தடையாக இருந்ததுமில்லை. ஹிஜ்ரி 309இல், அதாவது 921இல், கலீஃபா அல்முக்ததிரின் தூதுக்குழுவோடு பாக்தாதிலிருந்து வோல்கா ஆற்றங்கரைப் பல்கார் நாட்டுக்குப் புறப்பட்ட இப்னு ஃபழ்லான், வழியில் குவாரஸ்மில் குளிர்காலத்தைக் கழித்தார். ஜைஹூன் ஆறு முழுவதும் உறைந்து, குதிரைகளும் வண்டிகளும் அதன் மேல் சாலையில் செல்வதுபோலச் சென்றதை அவர் பதிவு செய்திருக்கிறார். வணிகக் கூட்டத்துக்குப் பனி பாதையானது. நம் காலக் கப்பலுக்கு அதே பனி பூட்டாகிறது.

அடுத்த ஆண்டு மருமகன் விடுமுறையில் சேலம் வந்தான். எங்கள் ஊர் லாக்கைக் காட்டுகிறேன் என்று சொல்லி அவனை எடப்பாடி வழியாகப் பூலாம்பட்டிக்கு அழைத்துப் போனேன். அது லாக் அல்ல. 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்குக் கீழே காவிரியில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, குதிரைக்கல்மேடு, ஊராட்சிக்கோட்டை என்று நான்கு கதவணைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் 15 மெகாவாட் டர்பைன்கள் இரண்டு. பெரிய வீழ்ச்சி வேண்டியதில்லை. சிறு உயரத்தில் இறங்கும் நீரையே குமிழ் வடிவ டர்பைனுக்குள் செலுத்தி மின்சாரம் எடுக்கிறார்கள். குளிர்நாட்டு ஆறுகளின் லாக்குகளுக்குப் பக்கத்தில் பொருந்தக்கூடியதும் இந்த வகைதான். நெரிஞ்சிப்பேட்டைக் கதவணை தேக்கிவைத்த நீரில் பூலாம்பட்டிக்கும் அக்கரைக்கும் விசைப்படகு ஓடுகிறது. சேலம் மாவட்டத்தில் ஏறி ஈரோடு மாவட்டத்தில் இறங்கலாம்.

படகில் உட்கார்ந்தபடியே மருமகனும் நானும் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு கிலோ பனிக்கட்டியை உருக்க 80 கிலோ கலோரி வேண்டும். அதே வெப்பத்தில் ஒரு கிலோ நீரைப் பூச்சியத்திலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்கிவிடலாம். செவ்வாய்ப்பேட்டையின் ஐம்பது கிலோ பார் ஒன்றை முழுதாக உருக்க ஏறக்குறைய நாலரை யூனிட் மின்சாரம். வெல்லண்ட் லாக்கின் நீளம் 233 மீட்டர். இரு சுவரிலும் ஓரடி தடிப்பு, ஐந்தடி உயரத்தில் பனிப்பட்டை படிந்திருப்பதாக வைத்துக்கொண்டால் சுமார் 190 டன். அதை முழுவதும் உருக்க ஏறத்தாழ 18,000 யூனிட். எங்கள் காலடிக் கதவணையின் டர்பைன் ஒன்று முழு வேகத்தில் ஒரு மணி பத்து நிமிடத்துக்கு மேல் ஓட வேண்டும். சுவரை ஒட்டிய ஒரு சென்டிமீட்டர் தோலை மட்டும் உருக்கினால் 600 யூனிட், இரண்டரை நிமிடம். சுவர் குடிக்கும் வெப்பத்துக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். மீதிப் பனி, டின்னிலிருந்து வழுக்கிய பாரைப்போலத் தானே கழன்று விழும்.

மருமகன் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தான். "மாமு, அந்தப் பெரியவர் என்ன படிச்சிருந்தார்?" என்று கேட்டான்.

எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே வந்த படகோட்டி, "ஏங்க, அங்கெல்லாம் ஆறே கல்லாயிடுமாமே? அந்த மூணு மாசமும் படகுக்காரங்க என்னங்க பண்ணுவாங்க?" என்றார். கப்பல்களைக் கரையில் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள், மாலுமிகள் ஊருக்குப் போய்விடுவார்கள் என்று மருமகன் சொன்னான்.

"இங்கயும் அப்படித்தாங்க. கதவணை வேலைக்குன்னு தண்ணியத் தொறந்துவிட்டுட்டா எங்களுக்கும் லீவுதான். படகக் கரையேத்தி ரிப்பேர் பார்ப்போம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்கதான் சுத்திப் போவணும்" என்று சொல்லிவிட்டு, அவர் மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார். நெரிஞ்சிப்பேட்டைக் கரை வந்துவிட்டது. நாங்கள் இறங்கி, ஆற்று நீரில் ஒளுச் செய்துகொண்டு, கரையிலேயே துண்டை விரித்து அஸர் தொழுதோம்.